சுரமும் சொல்லும்

தமிழில் ‘சுரம்’ என்னுஞ் சொல் இருபொருள் பயப்பது. ஒன்று, பாலை நிலத்து அருவழி. மற்றொன்று, ‘ஜ்வரம்’ என்னும் வடசொல்லின் திரிபாய் வந்து காய்ச்சலைக் குறிப்பது. பிறப்பால் வேறாய இவ்விரண்டும் வடிவால் ஒன்றாயின. வகுப்பிலே இதனைக் கற்றபோது இது சொல்லளவில் நிகழ்ந்த ஓர் ஒற்றுமையென்றே யான் எண்ணினேன். சென்ற விடுமுறையில் எம் மாணவர் குழுவினருடன் கல்வராயன் மலைக்குச் சென்று பத்து நாள் தங்கிய பின்னரே, மலையில் வாழும் ஏழையொருவனுக்கு இரண்டும் பொருளாலும் ஒன்றே யென்பதை உணர்ந்தேன். அவனுக்கு உடலை வாட்டுவதுஞ் சுரம். மருந்து தேடிச் செல்லும் வழியுஞ் சுரம்.

கல்வராயன் மலை, கிழக்குத் தொடர்ச்சி மலைகளின் ஒரு கூறு. சேலம், கள்ளக்குறிச்சி ஆகிய மாவட்டங்களிற் பரந்து, சின்னக் கல்வராயன், பெரிய கல்வராயன் என இரு பகுதியாய் நிற்பது. முன்னதன் உயரம் ஏறத்தாழ 2,700 அடி. பின்னதன் உயரம் ஏறத்தாழ 4,000 அடி. கோமுகியாறு இங்கே பிறந்து கள்ளக்குறிச்சி நிலங்களை நனைக்கின்றது. ‘மலையாளிகள்’ என்னும் பழங்குடி மக்கள் இங்கு வாழ்கின்றனர்; மலையை ஆள்வார் என்பதே அப்பெயர்க்குப் பொருள்; கேரள நாட்டாரோடு அவரை மயங்குதல் கூடாது. இம்மலை 1976-ஆம் ஆண்டுவரை மூன்று ஜாகீர்களின் ஆளுகைக்கு உட்பட்டிருந்தது. நாடு விடுதலை பெற்றும் ஏறக்குறைய முப்பதாண்டு கழிந்த பின்னரே இம்மலைக்கு அவ்விடுதலை எட்டிற்று என்னலாம். 2019-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களிற் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாயிற்று. 2022-இல் அங்கு அரசு மருத்துவக் கல்லூரியுந் திறக்கப்பெற்றது. இவை நற்செய்திகளே. ஆயினும், மலைமேலுள்ள சிற்றூர்க்கும் அக்கல்லூரியின் வாயிற்கும் இடையிலுள்ள தொலைவை மைற்கல்லாலன்றி ஒருநாட் கூலியால் அளத்தல் வேண்டும். வைத்தியசாலைக்குச் சென்றுவருதல் ஒரு நாளை விழுங்குமாயின், அந்நாளின் உணவையும் அது விழுங்குமன்றோ?

யாங்கள் தங்கியிருந்த சிற்றூரில் ஒரு மாலை, திண்ணையொன்றிற் கம்பளி போர்த்துக் கிடந்த ஒருவர் எம்மை அழைத்தார். “தம்பி, நீங்கள் படிக்கிற பிள்ளைகள், இதைப் பார்த்துச் சொல்லுங்கள்” என்று கூறி ஒரு தாளை நீட்டினார். அடிவாரத்து ஊரொன்றிலிருந்த சோதனைக் கூடத்தின் சீட்டு அது. மலேரியா உண்டு, டைபாய்டும் உண்டு என்பது அதிற் கண்ட முடிபு. “இரண்டு காய்ச்சலும் சேர்ந்து வந்திருக்கிறதாம்” என்றார் அவர். அதுமட்டோ! அவர் மனைவியார் உள்ளே சென்று முன்னைச் சீட்டுகள் இரண்டனைக் கொணர்ந்தார். ஓராண்டிற்குள் மூன்று முறை காய்ச்சல், மூன்று சீட்டு, மூன்றிலும் அதே முடிபு. அம்மனிதர் வேற்று மாநிலத்துக் காப்பித் தோட்டமொன்றில் பல திங்கள் உழைத்து மீண்டவர். மீண்டபின் உடல் தேறவேயில்லை. யாங்கள் விடைபெறுங்கால் அவ்வம்மையார் எம்முடன் வந்த தோழியைத் தனியே அழைத்து, “வேறு நோய் ஏதும் இருக்குமோ என்று கேட்கவே அச்சமாயிருக்கிறது, அம்மா. கேட்டோம் என்று தெரிந்தாலே ஊர் பேசும்” என்று மெல்லிய குரலிற் கூறினார். அவர் எந்நோயைக் கருதினார் என்பதை அவரும் சொல்லவில்லை, தோழியும் கேட்கவில்லை. ஆயினும் இருவரும் அறிந்தனர்.

இக்கட்டுரை அச்சீட்டையும் அம்மெல்லிய குரலையும் பற்றியது. யான் மருத்துவ மாணவனல்லன், தமிழ் பயில்வோன். எனினும், ஒரு சொல் பொருந்தா இடத்து நின்றால் என்ன கேடு விளையும் என்பதை ஆராய்தல் எம் கல்விக்குப் புறம்பானதன்று. ‘இரட்டைக் காய்ச்சல்’ என்னுந் தொடர் பல இடங்களில் அங்ஙனம் பொருந்தாது நின்று உயிர்க்கு இடர் செய்கின்றது என்பதே என் கருத்து.

மலேரியாவும் டைபாய்டும் வேறு வேறு நோய்கள். இரண்டின் கிருமிகளும் ஒரே ஆண்டில், அஃதாவது 1880-இல், அறிஞர் கண்ணுக்குப் புலனாயின: மலேரியாக் கிருமியை அல்ஜீரியா நாட்டில் லாவெரான் கண்டார், டைபாய்டுக் கிருமியை எபெர்த் என்னும் ஜெர்மானியர் விளக்கினார். மலேரியா கொசுவால் பரவுவதென்பதற்கு வழிகாட்டிய உண்மையை, 1897-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களிற் செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ் கண்டறிந்தார். எனவே ஒன்று கொசுவழி வருவது. மற்றொன்று மலங்கலந்த நீராலும் உணவாலும் வருவது. ஒன்றற்கு ஒன்று உறவில்லை. ஆயினும் தேங்கிய நீரும் தூய்மையற்ற குடிநீரும் ஒரே குடிசையின் அண்மையில் இருத்தலால், ஒருவரையே இரண்டும் பற்றுதல் இயலாததன்று.

இயலும் என்பது ஒன்று. நிகழ்ந்தது என்பது மற்றொன்று. டைபாய்டு உண்டென்று அச்சீட்டுகள் கூறியது விடால் சோதனையை நம்பியே. 1896-இல் பாரிஸ் நகரத்து விடால் என்பார் வகுத்த முறை இது. கிருமியை நேரிற் காட்டுவதன்று இச்சோதனை. கிருமிக்கு எதிராக உடல் தோற்றுவித்த பொருள் இரத்தத்தில் உளதோ என்று காட்டுவது. முன்னொருகாலத்து வந்து நீங்கிய டைபாய்டும் அப்பொருளை விட்டுச் சென்றிருக்கலாம். தடுப்பூசியும் அதனைத் தோற்றுவிக்கலாம். மலேரியா முதலிய பிற காய்ச்சல்களும் இச்சோதனையை மயக்கிப் பொய்ச்சான்று கூறச் செய்யலாம். ஆகவே, மலேரியா ஒன்றே உடையாரிடத்தும் ‘இரண்டும் உண்டு’ என்று சீட்டுப் பேசும். இரட்டைக் காய்ச்சலை விடால் சோதனை கொண்டு எண்ணுங்கால் பலராகவும், இரத்தத்திலுள்ள கிருமியை வளர்த்துப் பார்த்து எண்ணுங்கால் அவரினும் மிகச் சிலராகவும் காணப்படுதற்குக் காரணம் இதுவே. ஒருமுறை மட்டும் செய்த விடால் சோதனை, வழக்கில் வதந்தியைச் சாட்சியாக ஏற்றுக் கொள்வதையே ஒக்கும்.

இனி, மூன்றாவதொன்றை நோக்குவோம். 1986-ஆம் ஆண்டிற் சென்னை மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் சுனிதி சாலமன் அம்மையாரும், அவர்தம் மாணவி செல்லப்பன் நிர்மலா அவர்களும் இந்நாட்டில் எச்.ஐ.வி. கிருமி உண்டென்பதை முதன்முதல் வெளிப்படுத்தினர். சென்னையில் நிர்மலா அவர்கள் திரட்டிய இரத்தம் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிற் சோதிக்கப்பட்டது. அறுவரிடத்து அக்கிருமியின் அடையாளங் காணப்பட்டது. ஒரு மாணவியின் ஆராய்ச்சி ஒரு நாட்டின் கண்ணைத் திறந்தது என்பதை மாணவராகிய நாம் பெருமிதத்தோடு நினைக்கலாம். ஆனால் அவ்விரத்தம் சமூகத்தின் விளிம்பில் வாழ்ந்த ஏழைப் பெண்களுடையதாயிருந்தமையால், அவர்மீது முன்னரே சுமத்தப்பட்டிருந்த பழி நோயின்மீதும் ஏறிற்று. அன்று ஏறிய பழி இன்னும் முற்றும் இறங்கவில்லை.

எச்.ஐ.வி. கிருமி செய்யுந் தொழில் யாது? கோட்டையை நேரே இடிப்பதன்று, காவலரைக் கொல்வது. காவல் குன்றிய உடலிற் பிற நோய்கள் எளிதிற் புகும். உகாண்டா நாட்டில் நிகழ்ந்து 2000-ஆம் ஆண்டில் வெளிவந்த ஆராய்ச்சி, இக்கிருமியுடையார்க்கு மலேரியா மிகுதியாய் வருதலையும், காவல் குன்றக் குன்ற அது பெருகுதலையுங் காட்டிற்று. மலாவி நாட்டிலிருந்து 2005-இல் வெளிவந்த மற்றோர் ஆராய்ச்சி, மலேரியாக் காய்ச்சலின்போது எச்.ஐ.வி. கிருமியின் அளவு உயர்தலைக் காட்டிற்று. ஒன்றுக்கொன்று துணைசெய்யும் பகைவர் இவர். டைபாய்டின் இனத்தவாகிய சால்மொனெல்லாக் கிருமிகளோ, காவல் குன்றினார் இரத்தத்திற் புகுந்து, மருந்தால் அடங்கி, மீண்டும் மீண்டும் தலைதூக்கும் இயல்பின. அங்ஙனம் அவை மீளுதலையே எய்ட்ஸ் நிலையின் அடையாளங்களுள் ஒன்றாக மருத்துவர் கொள்வர். இவையேயன்றி, இந்நாட்டில் எச்.ஐ.வி. உடையாரை மிகுதியும் வாட்டும் காசநோயும், மலைக்காட்டுப் புதர்களிலுள்ள நுண்பூச்சி கடித்தலால் வரும் ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சலும் நீடித்த காய்ச்சலாகவே தோன்றும்.

இப்பொழுது அத்திண்ணையை மீண்டும் நினைமின். மூன்று முறை காய்ச்சல் வந்தது. மூன்று முறையும் ‘இரண்டும் உண்டு’ என்று எழுதப்பட்டது. மூன்று முறையும் மருந்து கொடுக்கப்பட்டது. ‘இஃது ஏன் மீள்கின்றது?’ என்று ஒருவரும் வினவவில்லை. மலேரியாவுள் ஒருவகை, கல்லீரலிற் கரந்திருந்து பல திங்கள் கழித்து மீள்வது. அதனை வேரறுக்கப் பதினான்கு நாள் உண்ணும் மருந்து தனியே உண்டு. தகுந்த சோதனையின்பின் அதனை முறையே கொடுத்தல் வேண்டும். அது கொடுக்கப்பட்டதா? அன்றிக் காசநோயா? அன்றி உடலின் காவல் குன்றியதா? இவ்வினாக்கள் அனைத்தையும் அச்சீட்டு அடைத்துவிட்டது. விடை தவறாயிருத்தலினும், விடை கிடைத்துவிட்டதென்று வினா நின்றுபோதல் கொடிது. இரு நோயின் பெயர்கள் ஒரு தாளில் ஏறியவுடன் மூன்றாவதைத் தேடும் ஊக்கம் மருத்துவர்க்கும் இல்லை, நோயாளிக்கும் இல்லை, அவர்தம் வீட்டார்க்கோ ஒருவகை ஆறுதலும் உண்டு. ‘இரட்டைக் காய்ச்சல்’ என்றால் ஊர் பழிக்காதன்றோ?

எச்.ஐ.வி. இருத்தலை மருத்துவர் அறியாதொழியின் மருந்தே பகையாதலும் உண்டு. இக்கிருமியுடையார் பலர் பிற நோய் அணுகாவண்ணம் நாள்தோறும் கோட்ரைமாக்சசோல் என்னும் மாத்திரையை உண்பர். அவர்க்குச் சிக்கலற்ற மலேரியா வரின், சல்பாடாக்சின் சேர்ந்த ஆர்ட்டிசுனேட் மருந்தைத் தவிர்க்க வேண்டுமென்று உலக சுகாதார நிறுவனம் விதித்துள்ளது. இரண்டும் ஓரினத்தனவாதலால் தீங்கு மிகும். அம்மருந்தோ இந்தியாவின் பல மாநிலங்களிற் பல்லாண்டு வழங்கி வந்ததாகும். ஆகவே நோயாளி தன் நிலையை மருத்துவரிடம் வாய்திறந்து கூறுதல் வேண்டும். கூறுதற்கோ அவருக்கு ஒரு நம்பிக்கை வேண்டும்: கூறியது அவ்வறையைக் கடவாதென்னும் நம்பிக்கை. இந்நம்பிக்கை உயிர் காக்கும் மருந்துகளுள் ஒன்றென்று யான் துணிந்து கூறுவேன்.

சட்டம் இதற்கு அரணாய் நிற்கின்றது. 2017-இல் இயற்றப்பெற்று 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. சட்டம், ஒருவர் இசைவின்றி அவரைச் சோதித்தலையும், இசைவின்றி அவர் நிலையைப் பிறர்க்கு வெளியிடுதலையும், அந்நிலை பற்றி வேலையிலோ கல்வியிலோ வைத்தியசாலையிலோ வேற்றுமை காட்டுதலையும் விலக்குகின்றது. ஆனால் சட்டம் ஊர்ப்பேச்சின் வாயை அடைக்கவல்லதன்று. அதனை அடைக்க வேண்டியவர் நாமே.

இங்கே தமிழ் மாணவன் ஒரு சொல் கூற உரிமையுடையேன். எய்ட்ஸ் நோயைக் குறிக்க ‘ஆட்கொல்லி’ என்றும் ‘உயிர்க்கொல்லி’ என்றும் நம் மக்கள் வழங்கினர். சுவர்களிலும் செய்தித்தாள்களிலும் அச்சொற்களே நின்றன. மருந்தில்லாத நாளில் அச்சொற்கள் எச்சரிக்கையாய்ப் பிறந்திருக்கலாம். இன்றோ, 2004 ஏப்ரல் முதல் அரசு வைத்தியசாலைகளிற் கூட்டுமருந்து விலையின்றி வழங்கப்படுகின்றது. 2017 முதல், நோய் தெரிந்தவுடனே யாவர்க்கும் அதனைத் தொடங்குதல் நாட்டின் கொள்கையாயிற்று. அம்மருந்தைத் தவறாது உண்பார் நீடு வாழ்கின்றனர். இரத்தத்திற் கிருமி காணாத அளவிற்கு அடங்கிய நிலையில் வாழ்க்கைத் துணைக்கும் அது கூட்டத்தாற் பரவுவதில்லை. பொருள் மாறியும் சொல் மாறாதிருப்பின் அச்சொல் பொய்யாகும். மேலும், ‘கொல்லி’ என்று பெயரிட்டபின், ‘அது எனக்கு உண்டா என்று பாருங்கள்’ என்று எவர்தாம் மனமுவந்து கேட்பர்? அச்சொல் சோதனைக்கு வருவாரையே கொல்கின்றது. இதற்கு மாறாக, நம் மாநிலத்து வைத்தியசாலைகளிற் சோதனையும் அறிவுரையும் வழங்குமிடத்திற்கு ‘நம்பிக்கை மையம்’ என்று பெயரிட்டவர், மருத்துவமும் தமிழும் ஒருங்கறிந்தவர் என்பேன்.

இக்கருத்திற்கு மறுப்பும் உண்டு. ‘மலைமேலுள்ள சிறு நிலையத்திற் கிருமியை வளர்த்துச் சோதிப்பது எங்ஙனம்? வந்தவனைத் திருப்பியனுப்பாது இரு நோய்க்கும் மருந்து கொடுத்தலே அறமன்றோ?’ என்பர் சிலர். இதனை எளிதில் ஒதுக்கலாகாது. உயிர் ஊசலாடும் நிலையிற் சோதனை முடிபைக் காத்திருத்தல் கூடாது. மருந்து உடனே தொடங்கல் வேண்டும். ஆயினும் தொடங்குமுன் சிறிது இரத்தத்தை எடுத்து வளர்ப்புச் சோதனைக்கு மாவட்டத் தலைநகர்க்கு அனுப்பலாமே! மருந்து உட்சென்றபின் அச்சோதனையின் பயன் பெரிதும் குறையும். மலேரியாவிற்கு இரத்தத் தடவற் சோதனையும், கால்மணி அரைமணியில் முடியும் அட்டைச் சோதனையும் உள்ளன, எச்.ஐ.வி.க்கும் அத்தகைய விரைவுச் சோதனை உண்டு. காட்டாற்று வெள்ளமும் மலைப்பாதையும் இவற்றிற்குத் தடையாகா. மேலும், சோதியாது வழங்கும் மருந்து ஏழைக்குச் செய்யும் இரக்கம் போற் காணினும், கிருமிகட்கே பயிற்சியளிக்கின்றது. முன்னே டைபாய்டை வென்ற சிப்ரோபிளாக்சாசின் என்னும் மருந்து இன்று இந்நாட்டிற் பெரும்பாலும் தோற்பது இவ்வாறு வந்த கேடே.

‘காய்ச்சலென்று வந்தவரிடம் எச்.ஐ.வி. சோதனை செய்துகொள்ளச் சொல்வது அவரை இழிவுபடுத்துவதாகும்’ என்பது மற்றொரு மறுப்பு. ஒருவர் முகத்தையும் உடையையும் சாதியையும் தொழிலையும் பார்த்துச் சொல்வது இழிவே. மீண்டும் மீண்டும் காய்ச்சல் வரும் யாவர்க்கும், பதினைந்து நாட்குமேல் காய்ச்சல் நீடிக்கும் யாவர்க்கும், செல்வர்க்கும் வறியர்க்கும் ஒப்ப, இசைவு கேட்டுச் செய்வது இழிவன்று, முறையாகும். எல்லார்க்கும் நீட்டப்படுங் கை எவரையும் சுட்டுவதன்று.

திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்திறுதியில், நோயுற்றவன், தீர்ப்பவன், மருந்து, உடனிருந்து பணிபுரிவான் என நான்கு கூற்றினை வகுத்தார். இந்நான்கும் கல்வராயன் மலையில் எங்ஙனம் நிற்கின்றன? நோயுற்றவர் உளர். மருத்துவர் மலைக்குக் கீழே உளர். மருந்தும் உளது, உகாண்டாவில் எச்.ஐ.வி. உடையாரிடை நடந்து 2006-இல் வெளிவந்த ஆராய்ச்சியில், கூட்டுமருந்து, கோட்ரைமாக்சசோல், மருந்தூட்டிய கொசுவலை ஆகிய மூன்றும் சேர மலேரியா நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு குறைந்தது. அவற்றுள் கொசுவலையினும் எளிய மருந்து யாது? டைபாய்டிற்குத் தடுப்பூசியும், காய்ச்சிய நீரும் உள. குறைவது நான்காவது கூறே: உடனிருந்து பணிபுரிவான். நோயாளியின் மூன்று சீட்டுகளையும் ஒருங்கே வைத்துப் பார்ப்பவர், ‘இம்முறை நம்பிக்கை மையத்திற்கும் சென்று வருவோம், யானும் உடன்வருகிறேன்’ என்று கூறுபவர், கூறியதைத் தன் நெஞ்சிலே புதைத்துவைப்பவர், அங்கு இலர்.

அன்புடைய தோழர்களே! ஆண்டுதோறும் நாம் முகாம் நடத்துகின்றோம், பாதை செப்பனிடுகின்றோம், நாடகம் நடிக்கின்றோம், நிழற்படம் எடுத்து இவ்விதழில் வெளியிடுகின்றோம். இவை தீயனவல்ல. ஆயினும் நான்காவது கூறாய் நிற்பதற்கு நிழற்படம் வேண்டா. அப்பணி ஒருவர் பெயரை வெளியிடாதிருத்தலிலேயே தொடங்குகின்றது. நம்முட் சிலர் ஆசிரியராவோம்; சிலர் அலுவலராவோம்; சிலர் பத்திரிகைகளில் எழுதுவோம். ‘ஆட்கொல்லி’ என்று எழுதாதிருப்போம். ‘இவனுக்கு எங்கிருந்து வந்தது?’ என்று வினவாதிருப்போம். பிறவிக்குருடனைக் கண்டு யார் செய்த பாவமென்று வினவினார்க்கு நம் ஆண்டவர் அவ்வினாவையே மறுத்தார் என்பதை ஞாயிறுதோறும் கேட்பவர் அல்லமோ? முதியோராகிய பழைய மாணவர்க்கும் ஒரு வேண்டுகோள்: உங்களுள் மருத்துவர் பலர், அதிகாரிகள் பலர். விடால் சீட்டொன்றினால் ஒரு வினாவை மூடிவிடாதீர்கள். இரத்தத்தை மலையினின்று இறக்கி, முடிபை மலைக்கு ஏற்றும் ஒழுங்கொன்று அமையச் செய்ம்மின். நோயாளியினும் ஒரு சிறு குப்பி எளிதிற் பயணஞ் செய்யுமன்றோ?

அத்திண்ணையிற் கிடந்தவர் யாங்கள் புறப்படும் நாளன்று, மூன்று சீட்டுகளையும் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, எம் தோழர் இருவருடன் பேருந்தில் மலையிறங்கினார். அவர் மனைவியாரும் உடன் சென்றார். அங்கு அவருக்குக் கிடைத்த விடை அவருடையது. அதனை யான் எழுதுவதற்கில்லை. பேருந்து வளைவிலே திரும்புமுன் அவ்வம்மையார் சாளரத்தின்வழி எம் தோழியை நோக்கிக் கையசைத்தார். முன்னாள் மாலையிற் கண்ட அச்சம் முழுதும் நீங்கியதென்று கூறேன்; ஆயினும், சுரம் கடக்கத் துணை கிடைத்தார் முகத்தை யான் அன்று கண்டேன்.